பன்னிரண்டரையா, ஒன்றரையா?

மன்ற மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று செயலாளர் என்னைக் கேட்டபோது, "நான் நிலவியல் மாணவி; கல்லைத் தவிர வேறொன்றும் எனக்குத் தெரியாதே!" என்று தப்பிக்கப் பார்த்தேன். "மலரில் கவிதைகள் மிகுந்துவிட்டன. கல் ஒன்று இருந்தால் கனம் சேரும்" என்று சொல்லிவிட்டார். ஆகவே இந்தக் கட்டுரை கனமாக இருந்தால் குற்றம் அவருடையது.

சென்ற ஆண்டு இந்நகரில் நடந்த ஒரு மாநாட்டைப் பற்றியே எழுதப் போகிறேன். மலையேற்றம், பாறையேற்றம், காட்டு நடை ஆகியவற்றில் மற்றவர்களை அழைத்துச் செல்லும் தலைவர்கள் கூடிய மாநாடு அது. மாணவர்களும் மேடையேறிப் பேசலாம் என்று சொல்லியிருந்தார்கள். நானும் பேசினேன். அந்த மாநாட்டின் பெயரை எழுதாமல் விடுகிறேன். அதன் காரணத்தைப் படிப்பவர்களே பின்னால் உணர்ந்துகொள்வார்கள்.

முதலில் என்னைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். நான் பாலாநகர்ப் பெண். கோவைப் பீளமேட்டில் டர்னராக இருந்த என் தந்தை, நான் பிறப்பதற்கு முன்பே பிழைப்புத் தேடி இங்கு வந்துவிட்டார். ஐதராபாத்துக்கு வரும் விருந்தினருக்குச் சார்மினாரைக் காட்டுவார்கள், கோல்கொண்டாவைக் காட்டுவார்கள். பாலாநகரை யாரும் காட்டுவதில்லை. சோவியத்து உதவியுடன் 1960-களில் எழுந்த அரசு மருந்துத் தொழிற்சாலை இங்கே ஓய்ந்து கிடக்கிறது. வானூர்திகளுக்கு மின்னணுக் கருவிகள் செய்யும் தொழிற்சாலை இருக்கிறது. செயற்கைக்கோள் படங்களை ஆராயும் தேசியத் தொலையுணர்வு மையமும் இங்கேதான். ஆயினும் பாலாநகரின் உயிர் இவற்றில் இல்லை, சந்துகளில் இருக்கிறது. சந்துக்குச் சந்து லேத்துப் பட்டறைகள். காலை எட்டு மணிக்கு இரும்பு சீவும் ஓசை தொடங்கினால் இரவு வரை ஓயாது. 2017-இல் மெட்ரோ ரயில் வந்தது. 2021-இல் மேம்பாலம் வந்தது. இரண்டும் எங்கள் தலைக்குமேல் சென்றுவிட்டன. கீழே இரும்புத்தூளும் எண்ணெய் வாடையும் அப்படியேதான் இருக்கின்றன.

பள்ளியில் தெலுங்கும் ஆங்கிலமும் படித்தேன். தமிழ் எழுத்துகளை அம்மா நாட்காட்டியின் பின்புறத்தில் எழுதிக் கற்பித்தார். இக்கட்டுரையில் ஒற்றுப்பிழை இருந்தால் அந்த நாட்காட்டி சிறியது என்று பொறுத்தருள வேண்டும்.

இந்நகரின் பாறைகளைப் பார்த்தவர்கள் அவற்றை மறக்கமாட்டார்கள். ஒன்றன்மேல் ஒன்றாக யாரோ அடுக்கி வைத்தாற்போல நிற்கும் உருண்டைக் கற்கள்! யாரும் அடுக்கவில்லை. ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முன் நிலத்தின் ஆழத்தில் குழம்பாக இருந்து இறுகியது இந்தக் கருங்கல். அதில் குறுக்கும் நெடுக்குமாக விரிசல்கள் உண்டாயின. விரிசல் வழியே நீர் இறங்கிக் கல்லின் மூலைகளை அரித்தது. அரித்த பகுதி மண்ணாகி மழையில் கரைந்து போயிற்று. அரிபடாத நடுப்பகுதி உருண்டையாக நின்றுவிட்டது. நாம் காண்பது அந்த எச்சத்தைத்தான். எண்ணற்ற பாறைகளை வீடு கட்டுவதற்காக வெடி வைத்துத் தகர்த்துவிட்டார்கள். எஞ்சியவற்றையேனும் காப்பாற்ற வேண்டும் என்று 1996-இல் ஒரு சங்கம் தொடங்கி, மாதந்தோறும் மக்களைப் பாறைகளுக்கு அழைத்துச் சென்று காட்டி வந்திருக்கிறார்கள். அத்தகைய நடைகளில் சேர்ந்துதான் எனக்குப் பாறைப் பித்துப் பிடித்தது. பிறகு எங்கள் மாணவர்களே ஒரு நடைக்குழு அமைத்தோம். முதுகலையில் சேர்ந்த ஆண்டிலேயே அக்குழுவுக்கு நான் தலைவியானேன்.

தலைவி என்று ஒருவர் சொன்னவுடனே தலையில் ஏறிவிடுகிறது. படிப்பாலோ பயிற்சியாலோ அந்தப் பெயர் எனக்கு வரவில்லை. எல்லாருக்கும் முன்னால் வேகமாக நடப்பேன், வழி தெரியும், அவ்வளவே.

நகரிலிருந்து வாரங்கல் செல்லும் வழியில் ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில் புவனகிரி இருக்கிறது. நம் சிதம்பரத்துக்கு அருகில் இருக்கும் புவனகிரி வேறு. இது தெலுங்கானத்துப் புவனகிரி. ஆங்கிலத்தில் போங்கீர் என்பார்கள். ஒரே பாறை, முட்டை வடிவில் ஊருக்கு நடுவே எழுந்து நிற்கும். மேலே கோட்டை. மேலைச் சாளுக்கிய மன்னன் ஆறாம் விக்கிரமாதித்தனின் திரிபுவனமல்லன் என்ற பெயரால் இந்த ஊருக்குப் பெயர் வந்தது என்பார்கள். அந்தப் பாறையில்தான் மாலாவத் பூர்ணா என்ற சிறுமி முதன்முதலில் கயிறு பிடித்து ஏறப் பழகினாள். நிசாமாபாத் மாவட்டத்தின் பாக்கால என்னும் சிற்றூர்ப் பெண்; பழங்குடிப் பெற்றோரின் மகள்; அரசின் சமூகநல உறைவிடப் பள்ளியில் படித்தவள். 2014 மே 25-ஆம் நாள் எவரெஸ்டின் உச்சியில் நின்றபோது அவளுக்கு வயது பதின்மூன்று ஆண்டு பதினொரு மாதம். அதே குழுவில் கம்மம் பகுதி மாணவன் ஆனந்தகுமாரும் இருந்தான். தார்ஜிலிங்கிலும் லடாக்கிலும் அவர்கள் பயிற்சி பெற்ற பிறகே எவரெஸ்டுக்குச் சென்றார்கள். செய்தித்தாள்கள் உச்சியைத்தான் எழுதின. அந்தக் குழந்தைகளைப் பல மாதம் பழக்கி, யார் போகலாம், யார் போகக்கூடாது என்று தேர்ந்த பயிற்சியாளர்களின் வேலையை யார் எழுதினார்கள்? மாநாடு என்று நான் சொன்னேனே, அது அந்த வேலையைப் பற்றியதுதான்.

இந்த வேலையை ஒரு தொழிலாகக் கற்பிக்கத் தொடங்கி நெடுங்காலம் ஆகவில்லை. இரண்டாம் உலகப் போரில் ஆங்கிலேயரின் வணிகக் கப்பல்கள் மூழ்கடிக்கப்பட்டபோது, உயிர்காக்கும் படகில் ஏறிய பிறகும் இளம் மாலுமிகள் பலர் மாண்டார்களாம். வயது முதிர்ந்த மாலுமிகள் பிழைத்தார்களாம். இளைஞர்களுக்கு உடல்வலிமை இருந்தது. துன்பத்தில் நிலைத்து நிற்கும் பழக்கம் இல்லை. இதைக் கண்டு வருந்திய கப்பல் நிறுவனத் தலைவர் லாரன்சு ஹோல்ட்டும், செருமனியிலிருந்து அடைக்கலம் புகுந்த கல்வியாளர் கூர்ட் ஹானும் 1941-இல் வேல்சு நாட்டின் அபர்டோவி என்ற கடற்கரை ஊரில் ஒரு பள்ளி தொடங்கினார்கள். அதுவே 'அவுட்வார்டு பவுண்டு'. நம் நாட்டில், டென்சிங்கின் வெற்றிக்கு அடுத்த ஆண்டு, 1954-இல், தார்ஜிலிங் மலையேற்ற நிலையம் தோன்றியது. டென்சிங்கே அதன் களப்பயிற்சித் தலைவரானார். 1965-இல் உத்தரகாசியில் நேரு மலையேற்ற நிலையம் தோன்றியது. அங்கெல்லாம் அடிப்படைப் பயிற்சி 28 நாள். அதில் உயர்ந்த தரம் பெற்றால் மேற்பயிற்சி. அதன்பின் தேடி மீட்கும் பயிற்சி. அதற்கும் மேல், பிறருக்குக் கற்பிக்கும் முறையைப் பற்றிய பயிற்சி. ஏறுவதற்கும் ஏற்றுவிப்பதற்கும் இத்தனை படிகள் இடையில் இருக்கின்றன. நானோ முதற்படியிலும் கால் வைக்காமல் பதினைந்து பேரை அழைத்துக்கொண்டு போனேன்.

அமெரிக்காவில் பால் பெட்சோல்ட் என்று ஒருவர் இருந்தார். 1924-இல், பதினாறு வயதில், மாட்டுக்காரர்கள் அணியும் காலணியோடு கிராண்டு டீட்டன் சிகரத்தில் ஏறப் போய், புயலில் சிக்கிச் சாவின் விளிம்பு வரை சென்று மீண்டவர். 1938-இல் அமெரிக்கக் குழுவோடு கே-2 சிகரத்துக்கும் வந்திருக்கிறார். 1965-இல் வெளிப்புறத் தலைமைக்கென்று ஒரு பள்ளியையும், 1977-இல் அத்தகைய தலைவர்களுக்குத் தகுதி வழங்கும் சங்கம் ஒன்றையும் தொடங்கினார். அந்தச் சங்கம் நடத்திய மாநாடுகளில் தொழில் வல்லவர்களோடு மாணவர்களும் தம் ஆய்வை எடுத்துரைப்பது வழக்கம். இங்கே நடந்த மாநாடும் ஏறக்குறைய அந்த அச்சில் வார்த்ததே. முற்பகலில் வல்லுநர்களுக்கு வகுப்புகள். பிற்பகலில் மாணவர்களுக்கு ஆளுக்குப் பன்னிரண்டு நிமிடம். சிறந்த மாணவர் ஒருவருக்கு 28 நாள் அடிப்படைப் பயிற்சியின் முழுச் செலவையும் தருவதாக அறிவித்திருந்தார்கள். லேத்துக்காரர் மகளுக்கு அது சிறிய தொகை அன்று.

நான் எதைப் பேச எண்ணினேன் என்பதைச் சொல்லுமுன், அதற்கு முந்திய ஏப்ரலில் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, நகருக்கு வெளியே ஒரு பாறைக்குன்றுக்கு இளையவர்கள் பதினைந்து பேரை அழைத்துச் சென்றேன். ஆறு மணிக்கு ஏறத் தொடங்குவதாகத் திட்டம். வண்டி தாமதம், ஏறும்போது எட்டேகால். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் கொண்டுவரச் சொல்லியிருந்தேன். கொண்டுவந்தார்களா என்று பார்க்கவில்லை. பதினொரு மணிக்கு உச்சியை அடைந்தோம். படம் எடுத்தோம், பாடினோம். அப்பொழுதே இறங்கியிருக்கலாம். ஆனால் குன்றின் மறுபுறத்தில், வெளிறிய கருங்கல்லைக் கிழித்துக்கொண்டு கன்னங்கரிய டாலரைட் பாறை ஒரு சுவர்போல ஓடுகிறது. அதைக் காட்டி, அது எப்படி வந்தது என்று விளக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. உண்மையைச் சொன்னால், பாறையைக் காட்டும் ஆசையைவிட எனக்குத் தெரிந்ததைக் காட்டும் ஆசையே மிகுதி.

மறுபுறம் போனோம். நிழல் இல்லை. ஏப்ரல் வெயிலில் கருங்கல் தோசைக்கல்லாகிவிடும். மேலிருந்து சூரியன் சுடும், கீழிருந்து கல் சுடும். முதலாண்டு மாணவி ஒருத்தி பின்தங்கி வந்தாள். தலை வலிக்கிறது என்றாள். "இன்னும் பத்து நிமிடம்தான், வந்துவிடலாம்" என்றேன். அந்தப் பத்து நிமிடம் எத்தனை பத்தாயிற்றோ! கரும்பாறையின் அடியில் நான் உரையாற்றிக்கொண்டிருந்தபோது அவள் உட்கார்ந்துவிட்டாள். பெயரைக் கேட்டால் சொன்னாள். எங்கே இருக்கிறோம் என்று கேட்டால், பேருந்து ஏன் இன்னும் வரவில்லை என்றாள். நெற்றியைத் தொட்டேன், அனல்.

உடலின் உள்வெப்பம் 40 டிகிரிக்கு மேல் ஏறி மூளை குழம்பத் தொடங்குவதுதான் வெப்பத்தாக்கு. அதற்குமேல் ஒவ்வொரு நிமிடமும் விலையுள்ளது. படுக்கவைத்து உடலைக் குளிர்விக்க வேண்டும். நினைவு தடுமாறுபவரின் வாயில் தண்ணீர் ஊற்றக்கூடாது. இவையெல்லாம் எனக்கு ஏட்டில் தெரியும். நல்லவேளையாக, கையும் அதையே செய்தது. ஒரு பெரும்பாறையின் இடுக்கில் நிழல் இருந்தது. அங்கே கிடத்தி, எல்லாருடைய தண்ணீரையும் வாங்கித் துப்பட்டாக்களை நனைத்துக் கழுத்திலும் அக்குளிலும் போட்டு விசிறினோம். பேச்சுத் தெளிந்ததும் நான்கு பையன்கள் மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். கீழே ஆட்டோ கிடைத்தது. மருத்துவர் குளுக்கோசு ஏற்றி, மாலையில் வீட்டுக்கு அனுப்பினார். "இன்னும் சிறிது நேரம் போயிருந்தால் இங்கே கொண்டுவந்திருக்க வேண்டாம்" என்று மட்டும் என்னிடம் சொன்னார். அதன் பொருள் விளங்க எனக்குச் சிறிது நேரம் ஆயிற்று.

இதைத்தான் மாநாட்டில் பேசுவது என்று முடிவு செய்தேன். 2018 மார்ச் 11-இல் தேனி மாவட்டம் குரங்கணி மலையில் பரவிய காட்டுத்தீயில் நடைப்பயணம் சென்ற இளைஞர் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததை நாம் மறந்திருக்கமாட்டோம். பெரும் விபத்து நடந்தால் ஊரறியும், விசாரணை நடக்கும். ஆனால் நடக்கவிருந்து நடக்காமல் போன விபத்துகளை யார் அறிவார்? 1931-இல் ஹைன்ரிக் என்ற அமெரிக்கக் காப்பீட்டு அலுவலர், தொழிற்சாலை விபத்துகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். ஒரு பெரிய காயத்துக்குப் பின்னால் சிறு காயங்கள் 29-உம், காயமே இல்லாத தவறுகள் 300-உம் இருக்கின்றன என்பது அவர் கணக்கு. அந்த எண்கள் எல்லாத் தொழிலுக்கும் பொருந்தா என்று பின்வந்தோர் மறுத்தார்கள், மறுத்தது சரியே. ஆயினும் அந்த முந்நூறையும் எழுதிவைக்க வேண்டும் என்ற எண்ணம் நிலைத்துவிட்டது. அமெரிக்க மலையேறிகள் தம் விபத்துகளை 1948 முதல் ஆண்டுதோறும் தொகுத்து அச்சிட்டு வருகிறார்கள். எங்கள் நடைக்குழுவிடம் இருந்ததோ, சிரித்த முகங்களின் படத்தொகுப்பு மட்டும்.

மாநாட்டின் முதல் நாள், மாணவர் பேச்சுகளைப் பார்வையிடும் பொறுப்பில் இருந்த ஒருவரிடம் என் படங்களைக் காட்டினேன். பாறைகள் வரும்வரை தலையசைத்தவர், ஏப்ரல் நிகழ்ச்சி வந்தவுடன் நிமிர்ந்தார். "இது வேண்டாமே, அம்மா. பாறைகளைப் பற்றிய பகுதி அருமையாக இருக்கிறது, அதையே நீட்டுங்கள். தேர்வுக் குழுவினர் முன்னிலையில் நம் குறையை நாமே ஏன் சொல்ல வேண்டும்?" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எனக்குப் பரிசு கிடைக்க வேண்டும் என்ற நல்லெண்ணத்தில் சொன்னார். அதனால்தான் மறுப்பது கடினமாக இருந்தது.

அன்றிரவு பாலாநகருக்குத் திரும்பும்போது மணி எட்டரை. அப்பா இன்னும் பட்டறையில் இருந்தார். லேத்தை நிறுத்திவிட்டு, எண்ணெய்த் துணியால் சக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். அந்த லேத்துக்கு மேலே சுவரில் ஓர் ஆணி. அந்த ஆணியில் வளைந்துபோன ஒரு சக்குச் சாவி தொங்கும். நான் பிறந்தது முதல் அது அங்கேயே தொங்குகிறது. லேத்தில் இரும்பைப் பிடித்திருக்கும் வாய்க்குச் சக்கு என்று பெயர். அதை இறுக்கும் சாவியைக் கழற்றாமல் இயந்திரத்தை ஓட்டிவிட்டால், சாவி சுழன்று துப்பாக்கிக் குண்டுபோலப் பறக்கும். பீளமேட்டில் அப்பா தொழில் பழகிய நாளில் அவர் கையால் பறந்த சாவி அது. பக்கத்து லேத்துப் பையன் அந்த நொடியில் கீழே விழுந்த நட்டை எடுக்கக் குனிந்தான்; சாவி அவன் தலை இருந்த இடத்தைக் கடந்து, சுவரில் மோதி வளைந்தது. அப்பா அதை ஊரிலிருந்து கொண்டுவந்து மாட்டியிருக்கிறார். புதிதாக எந்தப் பையன் வேலைக்கு வந்தாலும் முதல் நாள் அந்தக் கதையைச் சொல்வார். யாரோ ஒருவன் என்று சொல்லமாட்டார். "நான்தான் உட்டுப்போட்டேன்" என்றே தொடங்குவார்.

நான் நடந்ததைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே கையைத் துடைத்தார்.

"சொல்றதுன்னா சொல்லு கண்ணு. அதுக்கு எதுக்கு ரோசனை?"

"பரிசு போயிடுமேப்பா."

"போனாப் போவுது." பிறகு கொஞ்சம் நின்று கேட்டார்: "அந்தப் புள்ளகிட்டக் கேட்டியா?"

"அவள்கிட்ட எதுக்குப்பா? அவள் பேரை நான் சொல்லப்போறதில்ல."

"அதில்ல சாமி. அவளுக்குத்தான் நடந்துச்சு. உனக்கா நடந்துச்சு?"

எனக்குச் சோர்வாக இருந்தது. கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது. எவ்வளவு பெரிய தியாகம் செய்யப் போகிறேன், அதைப் பாராட்டாமல் வேறெதையோ கேட்கிறாரே என்று எண்ணினேன். அம்மா சோறு போட்டார், உண்டு படுத்துவிட்டேன்.

மறுநாள் பிற்பகல் எனக்கு முன் நால்வர் பேசினார்கள். ஒரு மாணவர் குளக்கரைப் பறவைகளைச் சிறுவர்களுக்குக் காட்டிய அனுபவத்தைச் சொன்னார்; மிக நன்றாக இருந்தது. என் முறை வந்தது. பாறைகளைப் பற்றி மூன்று நிமிடம் பேசினேன். பிறகு, "இனி நான் செய்த தவறு" என்றேன். அரங்கம் அமைதியானது. ஆறு மணிக்கு என்று எழுதி எட்டேகாலுக்கு ஏறியதைச் சொன்னேன். தண்ணீரைச் சரிபார்க்காததைச் சொன்னேன். எந்த நேரத்துக்குள் திரும்ப வேண்டும் என்று முன்கூட்டி முடிவு செய்யாததைச் சொன்னேன். திரையில் நேர அட்டவணை ஒன்றைக் காட்டினேன்; அதில், "1.30 - முதல் அறிகுறி: தலைவலி. 1.45 - நினைவுத் தடுமாற்றம். நடையை நிறுத்தினோம்" என்று எழுதியிருந்தது.

பேசி முடித்ததும் கைதட்டினார்கள். முன்வரிசையில் இருந்த முதிய பயிற்சியாளர் ஒருவர் எழுந்து, "இந்த நேரங்களை எப்போது எழுதினீர்கள்?" என்று கேட்டார். "அன்றிரவே, நினைவிலிருந்து" என்றேன். "யாருடைய நினைவு?" என்றார். நான் விடை தேடிக்கொண்டிருந்தபோது, அரங்கின் பின்புறத்திலிருந்து ஒரு குரல் வந்தது. அங்கே தொண்டர்களாக நின்ற மாணவிகளில் அவளும் இருந்தாள். அவள் வந்திருப்பதே எனக்குத் தெரியாது.

"அக்கா, ஒன்றரை இல்லை" என்று தெலுங்கில் சொன்னாள். "தலை வலிக்கிறது என்று நான் முதலில் சொன்னது பன்னிரண்டரைக்கு. மறுபுறம் போகத் திரும்பினோமே, அப்போது சொன்னேன். நீங்கள், இன்னும் பத்து நிமிடம் என்றீர்கள். பிறகு இன்னொரு முறையும் சொன்னேன். ஒன்றரைக்குச் சொன்னது மூன்றாம் முறை."

குற்றஞ்சாட்டும் குரலாக இல்லை. வகுப்பில் கரும்பலகையில் ஆசிரியர் ஓர் எண்ணைத் தவறாக எழுதிவிட்டால் மாணவி எழுந்து சொல்வாளே, அப்படிச் சொன்னாள். சொல்லிவிட்டு வெட்கப்பட்டுப் பக்கத்தில் நின்றவளின் பின்னே ஒதுங்கிக்கொண்டாள்.

எனக்கு அந்த இரண்டு முறையும் நினைவில் இல்லை. இன்றும் இல்லை. ஆனால் அவள் சொன்னவுடனே அது உண்மை என்று தெரிந்துவிட்டது. ஏனெனில் "பத்து நிமிடம்" என்ற சொல் எனக்கு நினைவிருந்தது. ஒன்றரை மணிக்கு நாங்கள் கரும்பாறையின் அடியில் அல்லவா இருந்தோம்? அங்கே நின்றுகொண்டு இன்னும் பத்து நிமிடம் என்று எதற்குச் சொல்லியிருப்பேன்? என் அட்டவணையிலேயே பொய் இருந்தது. நான் வேண்டுமென்று எழுதிய பொய் அன்று. என் மனம், எனக்குத் தெரியாமல், ஒரு மணி நேரத்தை அழித்துவிட்டிருந்தது. தவறை ஒப்புக்கொள்ள வந்த இடத்திலும், பெரிய தவறை மறைத்துச் சிறிய தவறைத்தான் ஒப்புக்கொண்டிருந்தேன். கால் மணியில் முடிவெடுத்த தலைவி என்று நான் என்னைக் காட்டிக்கொண்டேன். அவளோ ஒன்றேகால் மணி வெயிலில் நடந்திருக்கிறாள்.

மேடையில் நின்றபடியே, "அவள் சொல்வதுதான் சரி. என் அட்டவணை தவறு" என்றேன். அதற்குமேல் பேச வரவில்லை. முதிய பயிற்சியாளர் தலையசைத்து அமர்ந்தார். பிறகு வேறு சிலர் எழுந்தார்கள். இருபது ஆண்டாகக் கயிறு பிடிக்கும் ஒருவர், தன் முடிச்சு ஒன்று அவிழ்ந்ததை முதல்முறையாகப் பலர் முன்னே சொன்னார். இன்னொருவர், இதையெல்லாம் சொன்னால் நாளைக்குப் பெற்றோர் பிள்ளைகளை அனுப்புவார்களா என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அதற்கு அன்று யாரும் முழுவிடை சொல்லவில்லை. தேநீர் நேரமாகிவிட்டது.

பயிற்சிச் செலவு பறவைகளைப் பற்றிப் பேசிய மாணவருக்குக் கிடைத்தது. அவர் தகுதியானவர். என் படங்களை முதல் நாள் பார்த்த அன்பர், "நான் சொன்னேனே, அம்மா" என்று மெல்லச் சொன்னார். அவர் மேல் எனக்கு இன்றும் வருத்தம் இல்லை. ஆனால் எனக்குக் கிடைத்திருக்க வேண்டிய ஒன்று போய்விட்டது என்ற ஏக்கம் மெட்ரோவில் வீடு திரும்பும்வரை இருந்தது என்பதை மறைக்க மாட்டேன்.

அவளும் அதே வண்டியில் வந்தாள். பக்கத்தில் உட்கார்ந்தாள். "கோபமா அக்கா?" என்றாள். "முதலிலேயே ஏன் என்னிடம் சொல்லவில்லை? நாலு மாதம் ஆயிற்றே" என்றேன். "நீங்கள் கேட்கவே இல்லையே" என்றாள். மருத்துவமனையில், "இப்போது எப்படி இருக்கிறாய்?" என்று பத்துமுறை கேட்டிருப்பேன். என்ன நடந்தது என்று ஒருமுறையும் கேட்கவில்லை.

பாலாநகர் நிலையம் வந்தது. அவளுக்கு இன்னும் போக வேண்டும், நான் இறங்கிவிட்டேன். அப்பா பட்டறையில் இருந்தார். "என்னங்கண்ணு ஆச்சு?" என்றார். சொன்னேன். "அந்தப் புள்ள வந்து சொல்லுச்சா!" என்று வியந்தார். "நல்ல புள்ள" என்றார். என்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஒரு புதுப்பையன் அன்றுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தான், பீகார்க்காரன், பதினெட்டு, பத்தொன்பது வயதிருக்கும். அவனுக்குச் சாவியின் கதையை அப்பா தம் பட்டறை இந்தியில் சொல்ல வேண்டியிருந்தது.

எங்கள் நடைக்குழுவில் இப்போது ஒரு குறிப்பேடு இருக்கிறது. ஒவ்வொரு நடைக்கும் ஒரு பக்கம். பக்கத்தை நடுவில் கோடிட்டு இரண்டாகப் பிரித்திருக்கிறோம். இடப்புறத்தில் நேரங்களைத் தலைவர் எழுதுவார்; வலப்புறத்தில் குழுவில் மிக இளையவர் எழுதுவார். ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்காமல் எழுத வேண்டும். இதுவரை பதினோரு பக்கம் எழுதியிருக்கிறோம். இரண்டு பக்கமும் ஒத்திருந்தது மூன்றில்தான். ஒன்பதாம் பக்கத்தில் வலப்புறத்தில் ஒரு பையன், "அக்கா வேகமாக நடக்கிறார்" என்று மட்டும் எழுதியிருக்கிறான்.

முதற்பக்கம் அந்த ஏப்ரல் நடைக்கு. அதை இருவரும் சேர்ந்து உட்கார்ந்து எழுதினோம். 12.30 என்ற எண்ணை அவள் கையால்தான் எழுதினாள். வருகின்ற ஞாயிறு மீண்டும் அதே குன்றுக்குப் போகிறோம். குளிர்காலம்தான், எனினும் ஐந்தரைக்குப் புறப்படுகிறோம். பத்து மணிக்கு எங்கே இருந்தாலும் திரும்பிவிடுவது என்று எழுதிவைத்திருக்கிறோம். கரும்பாறையை இம்முறையும் பார்க்க முடியாமல் போகலாம். தலைமை அவளுடையது, வலப்பக்கத்தில் எழுத, புதிதாகச் சேர்ந்த ஒரு பையன் வருகிறான்.

மன்ற நண்பர்களில் வர விரும்புவோர் இருந்தால் இடம் இருக்கிறது. தண்ணீர் இரண்டு லிட்டர் கொண்டுவர வேண்டும். ஏறுமுன் குப்பியைத் திறந்து பார்ப்போம்.